ஆளில்லாத வெட்டுமுகம்

சுரங்கப் பாதை தோண்டுவதில் எந்தக் காலத்திலும் மூன்று வேலைகள் உண்டு. எதிரே உள்ள மண்ணையோ பாறையையோ வெட்ட வேண்டும். வெட்டியதை வெளியே கொண்டுபோக வேண்டும். வெட்டிய இடம் இடிந்து விழாமல் தாங்க வேண்டும். முதல் இரண்டுக்கும் பலம் போதும். மூன்றாவதில்தான் உயிர் போவதும் பிழைப்பதும் இருக்கிறது. தோண்டுபவரின் எதிரே நிற்கும் கடைசிச் சுவருக்கு வெட்டுமுகம் என்று பெயர். அதற்கு அப்பால் களிமண் இருக்கலாம், நீர் நிறைந்த மணல் இருக்கலாம், யாரோ தூர்த்துவிட்ட பழைய கிணறு இருக்கலாம். வெட்டிய பிறகே தெரியும். சுரங்கத் தொழிலில் தானியக்கம் என்பது, இந்த வெட்டுமுகத்தை விட்டு மனிதரைப் பின்னால் கொண்டுவரும் முயற்சி. 200 ஆண்டுகளாக நடக்கும் அந்த முயற்சி இன்னும் முடியவில்லை.

வெட்டுமுகத்துக்கும் ஆளுக்கும் நடுவே முதலில் ஒரு தடுப்பை வைத்தவர் மார்க் இசம்பார்ட் புருனெல். 1825இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் அமைக்கத் தொடங்கியபோது அவர் வெட்டுமுகம் முழுவதையும் ஓர் இரும்புக் கவசத்தால் மூடினார். பக்கவாட்டில் 12 சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக 3 அறைகள். ஆக 36 அறைகள், அறைக்கு ஓர் ஆள். அந்த ஆள் தன் எதிரே முட்டுக்கொடுத்திருக்கும் பலகைகளில் ஒன்றை மட்டும் எடுப்பார். அந்த அளவுக்கு மண்ணைச் சுரண்டுவார். பலகையை முன்னே வைத்துத் திருகால் இறுக்கிவிட்டு அடுத்த பலகைக்குப் போவார். எல்லாப் பலகைகளும் முன்னேறியபின் சட்டம் நகரும். பின்னால் கொத்தனார்கள் செங்கல் கட்டிக்கொண்டே வருவார்கள். கப்பல் மரத்தைக் குடையும் புழு தன் தலையை ஓட்டால் காத்துக்கொண்டு, குடைந்த துளைக்குச் சுண்ணாம்பு பூசியபடி போவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். யோசனை நல்லதுதான், ஆறு விட்டுவைக்கவில்லை. 1827இலும் 1828இலும் தேம்ஸ் உள்ளே புகுந்தது. இரண்டாம் முறை 6 பேர் இறந்தனர். 400 மீட்டர்கூட நீளமில்லாத அந்தச் சுரங்கம் 1843இல்தான் திறக்கப்பட்டது. ஆனாலும் இன்று நகரங்களுக்கு அடியில் ஓடும் இயந்திரங்கள் வரை மாறாமல் இருப்பது அவர் வைத்த வரிசைதான்: முன்னே கவசம், நடுவில் உந்தும் ஜாக்கி, பின்னால் வளையம்.

1869இல் ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் அதே தேம்ஸுக்கு அடியில் டவர் சப்வே என்ற சிறு சுரங்கத்தைத் தோண்டியபோது கவசம் உருளையாயிற்று. செங்கலுக்குப் பதில் வார்ப்பிரும்புத் துண்டுகளை இணைத்த வளையங்கள் வந்தன. நீர் கசியும் மண்ணில் சுரங்கத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்பி நீரைத் தடுத்துநிறுத்தும் முறையும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வழக்கமானது. அழுத்தக் காற்று வெட்டுமுகத்தைக் காத்தது, ஆட்களைக் கொன்றது. அதிக அழுத்தத்தில் இரத்தத்தில் கரையும் நைட்ரஜன், ஆள் சட்டென்று வெளியே வந்தால் குமிழாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்தில் இப்படிப் பலர் இறப்பதைக் கண்ட எர்னஸ்ட் மோய்ர் என்ற பொறியாளர், நோயுற்றவரை மறுபடி அழுத்தத்துக்குள் வைத்து மெல்ல மெல்ல வெளியே எடுக்கும் மருத்துவ அறையை 1890 வாக்கில் அங்கே அமைத்தார்.

வெட்டும் வேலை கையை விட்டு இயந்திரத்துக்குப் போனது இதற்கு இணையாக நடந்தது. ஃபிரடெரிக் போமான்ட், தாமஸ் இங்கிலிஷ் என்ற இரு ராணுவப் பொறியாளர்களின் பெயரோடு சேர்ந்த சுழல் இயந்திரம் 1880களின் தொடக்கத்தில் ஆங்கிலக் கால்வாயின் இரு கரையிலிருந்தும் ஒரு மைலுக்கு மேல் துளைத்துவிட்டது. பிரிட்டனுக்குப் படையெடுப்புப் பயம் வந்ததால்தான் வேலை நின்றது. ஆனால் அந்த இடத்துப் பாறை மென்மையானது. கடினப் பாறைக்கான விடை 1950களில் அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் ராபின்ஸிடமிருந்து வந்தது. தெற்கு டகோட்டாவில் ஓஹே அணைக்காக அவர் செய்த இயந்திரமும், 1956இல் டொரன்டோவில் கழிவுநீர்ச் சுரங்கம் தோண்டிய அடுத்த இயந்திரமும் டி.பி.எம். எனப்படும் இன்றைய சுரங்கம் தோண்டும் இயந்திரங்களின் முன்னோர். டொரன்டோவில் கூர்நுனி வெட்டிகள் உடைந்துகொண்டே இருந்ததால் அவற்றைக் கழற்றிவிட்டு, வட்டத்தகடு வெட்டிகளை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. வட்டத்தகடு பாறையைச் சுரண்டுவதில்லை. மிகுந்த பாரத்தோடு அதன்மேல் உருளும்போது அடியில் பாறை நொறுங்கிப் பக்கவாட்டில் விரிசல் ஓடும். அடுத்தடுத்த இரண்டு தடங்களின் விரிசல்கள் சந்திக்கும் இடத்தில் பாறை சில்லாகப் பெயர்ந்து விழும்.

தானியக்கத்தின் உண்மையான சிக்கல் கடினப் பாறையில் இல்லை. பாறை பெரும்பாலும் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். நகரங்கள் இருப்பதோ ஆற்றங்கரையில், கடற்கரையில், வண்டல்மேல். அந்த மண்ணை வெட்டும் கணத்திலேயே தாங்கவும் வேண்டும். 1960களிலும் 1970களிலும் பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நாடுகளில் இதற்கு இரண்டு வழிகள் உருவாயின. ஒன்றில், வெட்டும் சக்கரத்துக்குப் பின்னுள்ள மூடிய அறையில் பென்டனைட் களிக்கரைசலை அழுத்தி நிரப்புவார்கள். அது வெட்டுமுகத்தில் மெல்லிய படலமாகப் படிந்து தாங்கும். வெட்டிய மண்ணைக் கரைசலோடு சேர்த்துக் குழாய்வழி மேலே அனுப்பிவிடுவார்கள். மற்றொன்று ஜப்பானில் வளர்ந்த மண் அழுத்தச் சமநிலை முறை. இதில் வெட்டிய மண்ணே தாங்கும் பொருள். நுரை கலந்து பிசைந்த மாவுபோல் ஆக்கிய மண் அறையை நிரப்பி நிற்கும். அடியிலுள்ள நீண்ட திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துப் பெல்ட்டில் போடும்.

இரண்டாவது முறையில் ஓட்டுநரின் வேலையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தானியக்கம் பிடிக்க முயல்வது அதைத்தான். மெட்ரோ ரயிலுக்கான இயந்திரம் சுமார் 6.6 மீட்டர் விட்டம். அதன் முகப்பரப்பு 34 சதுர மீட்டர். அறையில் 2 பார் அழுத்தம் இருந்தால், வெட்டுமுகத்தை ஏறத்தாழ 700 டன் விசை தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த அழுத்தத்துக்கென்று தனியாக ஒரு குமிழ் கிடையாது. இயந்திரம் முன்னேறும் வேகத்தைக் கூட்டினால் அறைக்குள் மண் அதிகம் வந்து அழுத்தம் ஏறும். திருகை வேகமாகச் சுற்றினால் இறங்கும். நுரை கூடினால் மண் இளகித் திருகில் வழுக்கும். குறைந்தால் வெட்டுச் சக்கரம் இறுகி முறுக்குவிசை எகிறும். ஒன்றைத் தொட்டால் நான்கு மாறும். அழுத்தம் குறைந்தால் மேலே தெரு இறங்கும்; மிகுந்தால் நுரையும் மண்ணும் தெருவில் பொங்கிவரும். ஓட்டுநர் இதையெல்லாம் ஜன்னலே இல்லாத அறையில், திரையில் ஓடும் எண்களைப் பார்த்துச் செய்கிறார்.

எவ்வளவு நுட்பமாகச் செய்ய வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு வளையத்துக்கு வெட்ட வேண்டிய மண் சுமார் 51 கன மீட்டர். அதில் 1 சதவீதம் கூடுதலாக வந்துவிட்டால் அரைக் கன மீட்டர். நகரச் சுரங்கத்தில் அதையே பெரிய இழப்பாகக் கருதுவார்கள். ஆனால் வெளியேறும் மண்ணை அளக்கும் பெல்ட் எடைமானியின் பிழையே ஓரிரு சதவீதம். மண்ணின் ஈரமும் கலந்த நுரையும் வளையத்துக்கு வளையம் மாறுவது வேறு. தவிர்க்க வேண்டிய இழப்பும் அளவுகோலின் பிழையும் ஒரே அளவு! ஆகவே அனுபவமுள்ள ஓட்டுநர் ஒற்றை எண்ணை நம்புவதில்லை. முறுக்குவிசை, திருகின் வேகம், பெல்ட்டில் வரும் மண்ணின் பதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஏதோ சரியில்லை என்கிறார். அந்த 'ஏதோ'வை நிரலாக்குவதுதான் கடினம்.

திசை திருப்புவது வேறு வகைத் தொல்லை. கவசத்தின் பின்விளிம்பில் வட்டமாக நிற்கும் ஜாக்கிகள் கடைசியாகக் கட்டிய வளையத்தை உதைத்து இயந்திரத்தை முன்னே தள்ளுகின்றன. இடப்பக்க ஜாக்கிகளை அதிகம் உந்தினால் இயந்திரம் வலப்பக்கம் திரும்பும், உடனே அல்ல. பத்து மீட்டர் நீளமுள்ள இரும்பு உருளை மண்ணில் இறுகிக் கிடக்கிறது. முன்பாரம் கூடிய அதன் தலை எப்போதும் தாழப் பார்க்கிறது. ஓட்டுநர் திருத்தம் செய்து, பலன் தெரியாமல் இன்னும் திருத்தி, ஒரு வளையம் போனபின் பார்த்தால் மறுபக்கம் விலகியிருக்கும். அனுபவமில்லாத கைகளில் சுரங்கம் பாம்புபோல் நெளிவது இதனால்தான். அனுமதிக்கப்படும் விலகலோ சில சென்டிமீட்டர்தான்.

இந்த இடத்தில் கணினி சீக்கிரமே வந்துவிட்டது. பின்னால் வளையத்தில் பொருத்திய லேசர் அளவைக் கருவி, கவசத்திலுள்ள இலக்கைத் தொடர்ந்து நோக்கி இயந்திரத்தின் இருப்பையும் சாய்வையும் திரையில் காட்டுகிறது. 1990 டிசம்பர் 1 அன்று ஆங்கிலக் கால்வாயின் அடியில் பிரிட்டிஷ், பிரெஞ்சு சுரங்கங்கள் சந்தித்தபோது பக்கவாட்டு விலகல் 358 மில்லிமீட்டர், உயர விலகல் 58. சுவிட்சர்லாந்தின் 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கத்தில் 2010இல் அது 8 சென்டிமீட்டராகவும் 1 சென்டிமீட்டராகவும் குறைந்தது. கான்கிரீட் வளையங்களை எந்த வரிசையில் மாட்டுவது என்பதையும் கணினி சொல்லிவிடும். வளையத்தின் ஒரு பக்கம் மற்றதைவிடச் சில சென்டிமீட்டர் அகலம். அதைச் சுழற்றி மாட்டுவதைப் பொறுத்துப் பாதை நேராகப் போகும் அல்லது வளையும். பத்து வளையங்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போடுவது மனிதருக்குச் சலிப்பான வேலை, இயந்திரத்துக்குச் சுலபம்.

ஆள் உள்ளே இல்லாமல் ஓடிய முதல் சுரங்க இயந்திரங்கள் பெரிய கனவிலிருந்து பிறக்கவில்லை. 1970களின் நடுவில் ஜப்பானில் தெருவைத் தோண்டாமல் கழிவுநீர்க் குழாய் பதிக்க வேண்டியிருந்தது. குழாயின் விட்டம் ஆள் நுழைய முடியாத அளவு. வேறு வழியின்றி ஓட்டுநர் மேலே உட்கார்ந்தார். குழாய்களைப் பின்னிருந்து தள்ள, முன்னே சிறு வெட்டு இயந்திரம் தொலைவிலிருந்து இயங்கியது. நுண்சுரங்கம் எனப்படும் இந்த முறை இன்று உலகெங்கும் சாதாரணம். ஆள் நுழைய முடிகிற பெரிய சுரங்கங்களில்தான் ஆளை வெளியே எடுக்க அவசரம் பிறக்கவில்லை.

பெரிய இயந்திரத்தில் அந்தத் திசையில் ஓர் அடி எடுத்துவைத்த இடம் கோலாலம்பூர். நகரின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் நெடுங்காலமாகக் கரைத்துக் குடைந்த பொந்துகளும் அவற்றை நிரப்பிய சேறுமாக அது கிடக்கிறது. களிக்கரைசலை அழுத்தி நிரப்பினால் ஏதோ ஒரு பொந்துக்குள் முழுவதும் ஓடி மறையும். வெட்டுமுகம் தாங்கலின்றி நிற்கும். மேலே பள்ளம் விழும். வெள்ளநீரும் வாகனங்களும் ஒரே குழாயைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்மார்ட் சுரங்கத்தை 2007இல் முடித்தபோதே நகரம் இந்தப் பாடத்தைப் படித்திருந்தது. அடுத்து வந்த மெட்ரோவின் சுங்கை பூலோ–காஜாங் பாதைக்கு எம்.எம்.சி. கமூடா நிறுவனமும் ஜெர்மனியின் ஹெரன்க்னெஷ்ட் நிறுவனமும் சேர்ந்து, கரைசலின் அடர்த்தியை வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் இயந்திரத்தை உருவாக்கின. பொந்து தட்டினால் கரைசலைக் கெட்டியாக்கி அடைத்துக்கொண்டே போகலாம். அதற்கடுத்த புத்ராஜெயா பாதையில், 2019 முதல், அதே மலேசிய நிறுவனம் இயந்திரத்தின் கட்டுப்பாட்டையே நிரலிடம் கொடுத்தது. முன்னேறும் வேகம், அழுத்தம், ஜாக்கிகளின் உந்துதல் ஆகியவற்றை நிரல் நொடிக்கு நொடி சரிசெய்கிறது. ஓட்டுநர் அறையில் இருக்கிறார், பார்த்துக்கொண்டிருக்கிறார், வேண்டும்போது கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்கிறார். பின்னர் சிட்னி மெட்ரோவின் மேற்குப் பாதைச் சுரங்கத்துக்கும் இந்த முறை போயிற்று.

இதில் பெரிய பலன் வேகம்தான் என்று நினைக்கத் தோன்றும். அதைவிட முக்கியமானது சீர்மை. மனித ஓட்டுநர்களில் ஒருவர் அழுத்தித் தள்ளுவார், ஒருவர் தயங்குவார். ஷிஃப்ட் மாறும் நேரம் பதிவேட்டின் வரைகோட்டிலேயே தெரியும். நிரலுக்குக் களைப்பில்லை, சிறு விலகலைச் சிறிதாக இருக்கும்போதே திருத்துவதால் நெளிவும் குறைகிறது. அதே சமயம் நிரல் கற்றுக்கொண்டது தான் கண்ட மண்ணை. சுண்ணாம்புப் பாறையில் தேறியதைக் கடற்கரை மணலில் விட்டால் பழைய அனுபவமே தவறான பதிலைத் தரும். மண்ணைப் பற்றி முன்கூட்டித் தெரிவதோ பல பத்து மீட்டர் இடைவெளியில் போட்ட ஆழ்துளைகளின் மண் மாதிரிகள் மட்டுமே. இடையில் இருப்பது ஊகம். முன்னோக்கித் துளையிட்டும், ஒலி அலை அனுப்பியும் கொஞ்சம் பார்க்கலாம். தெளிவாகப் பார்க்க இன்றுவரை கருவி இல்லை.

தெரியாதது குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு சியாட்டில் பெயர்பெற்ற உதாரணம். 17.5 மீட்டர் விட்டமுள்ள 'பெர்த்தா', தொடங்கும்போது உலகிலேயே பெரிய சுரங்க இயந்திரம். 2013 டிசம்பரில் அது சூடேறி நின்றது. சில நாள் முன்பு, நிலத்தடி நீரை ஆராய 2002இல் இறக்கிய ஓர் இரும்புக் குழாயை அது வெட்டியிருந்தது. அந்தக் குழாய்தான் காரணமா என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது. இயந்திரத்தின் தலையைத் தூக்கிப் பழுதுபார்க்க 36 மீட்டர் ஆழக் கிணறு வெட்டினார்கள். மறுபடி தோண்டத் தொடங்க இரண்டு ஆண்டுகள் ஆயின. சென்னையில் 2017 ஏப்ரல் 9 அன்று, மெட்ரோ சுரங்க வேலை நடந்த இடத்துக்கு மேலே அண்ணா சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கின. இறுகிய பாறையும் தளர்ந்த மணலும் ஒரே வெட்டுமுகத்தில் மாறிமாறி வரும் நகரம் அது; மேல்பாதி மணலும் கீழ்பாதி பாறையுமாக வரும்போது, பாறைக்காக இயந்திரம் மெதுவாகும், அதற்குள் மணல் அளவுக்கு மேல் வந்துவிடும். தெலங்கானாவில் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கத்தில் 2025 பிப்ரவரி 22 அன்று மேற்கூரை சரிந்து நீரும் சேறும் புகுந்ததில் 8 பேர் சிக்கினர், ஒருவரும் பிழைக்கவில்லை. அங்கேயும் டி.பி.எம். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வெடிவைத்துத் தோண்டும் முறையில் தானியக்கம் வேறு வழியில் வந்திருக்கிறது. பல கைகள் கொண்ட ஜம்போ என்னும் துளையிடும் வண்டி, கணினியில் ஏற்றிய வரைபடத்தின்படி நூற்றுக்கு மேற்பட்ட துளைகளைத் தானே போடுகிறது. துளைக்கும்போது கிடைக்கும் எதிர்ப்பை வைத்துப் பாறையின் தன்மையையும் பதிவுசெய்கிறது. ஸ்வீடனின் கிருனா இரும்புச் சுரங்கத்தில் துளையிடுவதையும் வெட்டியதை அள்ளுவதையும் தொலைவில் உட்கார்ந்தே நடத்துகிறார்கள். துளைகளுக்குள் வெடிமருந்து ஏற்றும் வேலை மட்டும், வெடித்துத் தளர்ந்த பாறையின் நேர் அடியில், பெரும்பாலும் இன்னும் கையால்தான் நடக்கிறது.

இயந்திரம் நின்றுபோன இடத்தைக் கை முடித்துவைத்ததும் உண்டு. 2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டனர். சுமார் 60 மீட்டர் இடிபாட்டின் ஊடே குழாய் செலுத்திய ஆகர் என்னும் திருகுத் துளை இயந்திரம், மண்ணோடு கலந்து கிடந்த இரும்புக் கம்பிகளில் சிக்கி உடைந்தது. மிஞ்சிய பத்துப் பன்னிரண்டு மீட்டரை, 'எலிவளை' முறையில் தோண்டிப் பழகிய சிலர் குழாய்க்குள் தவழ்ந்துபோய்க் கையால் வெட்டினர். 17ஆம் நாள் அனைவரும் உயிரோடு வெளியே வந்தனர். நிலக்கரிச் சுரங்கங்களில் பாதுகாப்பில்லை என்று 2014இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்த முறை அது. கம்பி எங்கே போகிறது என்று விரலால் தடவிப் பார்த்து அறுக்க அந்த நேரத்தில் வேறு கருவி இல்லை.

கவசத்துக்குப் பின்னால் உள்ள வேலைகளில் ரோபோக்கள் வேகமாக நுழைந்துவருகின்றன. சில டன் எடையுள்ள கான்கிரீட் துண்டை வெற்றிடத்தால் உறிஞ்சிப் பிடித்து வளையத்தில் பொருத்தும் கை பல டி.பி.எம்.களில் உண்டு, அதைத் தொழிலாளி ஒருவர் அருகில் நின்று இயக்குவார். இங்கிலாந்தின் எச்.எஸ்.2 ரயில் திட்டத்தில், சில்டர்ன் குன்றுகளுக்கு அடியில் 16 கிலோமீட்டர் தோண்டிய 'ஃபுளோரன்ஸ்', 'சிசிலியா' என்ற இரு இயந்திரங்களில், துண்டுகளுக்கு இடையே வரும் மரக்கட்டைகளை ஒரு ரோபோ எடுத்துவிடும், இணைப்பு முளைகளை இன்னொன்று செருகும். சின்ன வேலைகள்தான், ஆனால் கை நசுங்குவது இத்தகைய சின்ன வேலைகளில்தான். அந்த இயந்திரங்கள் வளையம் மாட்டிக்கொண்டிருக்கும்போதே தோண்டவும் செய்தன. வழக்கமான டி.பி.எம். வளையம் மாட்டும் அரை மணி, முக்கால் மணி நேரமும் சும்மா நிற்கும்.

கடைசியாக எஞ்சுவது வெட்டும் சக்கரம். வட்டத்தகடுகள் தேயும், தேய்ந்ததை மாற்றாவிட்டால் பக்கத்துத் தகடும் போய்விடும். மாற்றுவதற்கு, வெட்டுமுகத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவே உள்ள அந்த அறைக்குள் ஆள் போக வேண்டும். அப்போது களியைப் பாதி இறக்கி, மீதி இடத்தை அழுத்தக் காற்றால் நிரப்புவார்கள். மோய்ரின் காலத்துக் காற்றுப் பூட்டு என்னும் இடைநிலை அறை, மெல்ல அழுத்தம் இறக்குதல், மருத்துவ அறை எல்லாம் அப்படியே உண்டு. ஆழமான இடங்களில் ஆழ்கடல் முக்குளிப்போர் போல நாள்கணக்கில் அழுத்தத்திலேயே தங்கி வேலை செய்கிறார்கள். ஹாங்காங்கில் துவென் முன் – செக் லாப் கோக் கடலடிச் சுரங்கத்துக்கான 17.6 மீட்டர் இயந்திரத்தில், தகடுகளைக் கழற்றி மாட்டும் ரோபோ கையை பிரான்சின் புய்க் நிறுவனம் பயன்படுத்தியது. சக்கரத்தின் ஆரங்களை உள்ளீடற்றதாகச் செய்து, சாதாரணக் காற்றிலேயே பின்புறமாகத் தகட்டை எடுக்கும் அமைப்பும் பெரிய இயந்திரங்களில் வந்துவிட்டது. ஆனால் ஆரத்துக்குள் ஆள் நுழைய வேண்டுமென்றால் சக்கரம் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். மெட்ரோ அளவு இயந்திரத்தில் அதற்கு இடமில்லை. தேய்மானத்தை உணரி சொல்லிவிடும்; நிரல் இயந்திரத்தை நிறுத்திவிடும்; ஸ்பேனரோடு காற்றுப் பூட்டுக்குள் போய் உட்கார்ந்து கதவை மூடிக்கொள்வது இன்றும் இரண்டு மூன்று பேர்தான்.